குறைந்த காசில் வீட்டுக்கு நெட்: டயல்-அப் முதல் ஃபைபர் வரை பார்த்ததில் எதை வாங்கலாம்

மாதம் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குள் வீட்டுக்கு நெட் வேண்டுமா? உங்கள் தெருக் கம்பத்தில் ஏற்கனவே யாருடைய ஃபைபர் வந்திருக்கிறது, அது அறுந்தால் எந்த ஆள் போனை எடுக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். அவரிடம் இருப்பதிலேயே சின்ன பிளானை மாதாமாதம் கட்டும்படி எடுங்கள். வேகம், ஓடிடி, இலவச ரூட்டர் எல்லாம் அதற்கப்புறம். இவ்வளவுதான் என் கருத்து. ஆனால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்கக் கொஞ்சம் பழைய காலத்துக்கும் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நெட்டுக்கென்று காசு எந்தெந்த வழியில் கையைவிட்டுப் போகும் என்பதை டயல்-அப் காலத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீடு மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் பக்கம். இந்த வீடு, மதுரைக்குள் அக்கா வாடகைக்கு இருக்கும் வீடு, கிராமத்தில் மாமனார் வீடு, மூன்றுக்கும் கனெக்‌ஷன் பார்த்து வாங்கிக் கொடுப்பதும் கெட்டுப்போனால் ஆளைக் கூப்பிடுவதும் என் வேலை. அதனால் இது ஒரே ஒரு கம்பெனியைப் பற்றிய விமர்சனமாக இருக்காது. எந்த வகை லைன், எந்த வீட்டுக்கு, என்ன விலைக்குச் சரிப்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் டயல்-அப். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று, அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் மூலமாக. சென்னை உட்பட சில பெருநகரங்களில் மட்டும். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு கொடுத்தார்கள், அதில் வெறும் எழுத்துதான் வரும், படம் வராது. படத்தோடு பார்க்கிற கணக்குக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும். 1998 கடைசியில் தனியாருக்கும் அனுமதி கிடைத்து, சென்னையிலிருந்து சத்யம் இன்ஃபோவே (பின்னால் சிஃபி ஆனது) வந்த பிறகுதான் விலை இறங்கத் தொடங்கியது. எங்கள் மாதிரி வீடுகளுக்கு அது எட்டியது 2000களின் தொடக்கத்தில்.

டயல்-அப்பில் பில் இரண்டு. ஒன்று நெட் கம்பெனிக்கு: 25 மணி, 50 மணி, 100 மணி என்று பேக் வாங்க வேண்டும், தேதி முடிந்தால் மிச்ச மணியும் போய்விடும். இன்னொன்று டெலிபோன் பில். மோடம் ஒரு நம்பருக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான், ஆகவே நீங்கள் நெட்டில் இருக்கும் நேரம் முழுக்க லோக்கல் கால் ஓடுகிறது. மூன்று நிமிடத்துக்கு ஒரு பல்ஸ் (பில்லில் ஏறும் ஒரு கால்) என்றால் மணிக்கு 20 பல்ஸ். தினமும் ஒரு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 600 பல்ஸ், அந்த பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து வரும். பேக் வாங்கும்போது கடைக்காரர் சொல்வது முதல் பில்லின் கணக்கு மட்டும்தான். இரண்டாவது பில் அப்பா கைக்கு வரும்போதுதான் வீட்டில் பேச்சு எழும்.

இவ்வளவு சொன்ன பிறகும் டயல்-அப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. புது கேபிள் இழுக்க வேண்டாம், இன்ஸ்டலேஷன் சார்ஜ் கிடையாது, போன் லைன் எங்கே இருக்கிறதோ அங்கே நெட்டும் இருந்தது. பயன்படுத்தினால் மட்டும் காசு. படங்களை அணைத்துவிட்டுப் பக்கங்களைத் திறப்பது, நாலைந்து பக்கங்களை வரிசையாகத் திறந்து வைத்துவிட்டு லைனைத் துண்டித்து நிதானமாகப் படிப்பது, மெயிலை எல்லாம் ஆஃப்லைனில் எழுதி வைத்துவிட்டுக் கனெக்ட் ஆன உடனே மொத்தமாக அனுப்புவது என்று அன்றைக்கு எல்லோருமே சிக்கனமாக இருந்தார்கள். 56 கே மோடத்தில் உண்மையாகக் கிடைத்தது நொடிக்கு 4, 5 கேபி. ஒரு எம்பி இறங்கச் சுமார் நான்கு நிமிடம். 5 எம்பி பாட்டு ஒன்றை இறக்க இருபது நிமிடம் போகும், நடுவில் யாராவது இன்னொரு ரிசீவரை எடுத்துவிட்டால் லைன் கட்.

இப்போது அது யாருக்கும் உதவாது. அமெரிக்காவில் ஏஓஎல் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்றுதான் நிறுத்தியது, அதாவது வேறு வழியில்லாத சிலர் அதுவரை அதை நம்பி இருந்திருக்கிறார்கள். ஆனால் இன்றைய இணையப் பக்கம் ஒன்று சாதாரணமாக இரண்டு எம்பியைத் தாண்டுகிறது. நொடிக்கு 5 கேபி என்றால் ஏழு நிமிடம் ஆகும். பேங்க் பக்கம் திறந்து முடிப்பதற்குள் ஓடிபி காலாவதி ஆகிவிடும். எங்காவது பழைய போன் லைனும் மோடமும் சும்மாதானே இருக்கின்றன, அதை வைத்து ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அதைவிடப் போனில் போடுகிற ஆகக் குறைந்த டேட்டா ரீசார்ஜே எத்தனையோ மேல்.

டயல்-அப்பில் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை. எந்த பிளானைக் காட்டினாலும் இதில் இரண்டாவது பில் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். தேடினால் அநேகமாகக் கிடைத்துவிடும்.

பிராட்பேண்ட் வந்தபோதும் அப்படித்தான். 2004 பிராட்பேண்ட் கொள்கையில் 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. போன் பேசிக்கொண்டே நெட்டும் பார்க்கலாம், மணிக்கணக்கு இல்லை, அதுவே பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் சின்ன பிளான்களில் மாதத்துக்கு இத்தனை என்று டேட்டா அளவு உண்டு, தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் காசு. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவில்லாமல் இறக்கலாம் என்று ஒரு பிளான் இருந்தது, அதற்காக அலாரம் வைத்து எழுந்தவர்களும் கம்ப்யூட்டரைத் தானே டவுன்லோடு தொடங்கும்படி செட் செய்துவிட்டுத் தூங்கியவர்களும் அந்தத் தலைமுறையில் ஏராளம். 2023 முதல் நம் நாட்டில் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று பெயர். அன்றைய 256ஐப் போல எட்டு மடங்கு. டேட்டாஒன் வந்த அந்தப் பழைய போன் லைனை, அதாவது செம்புக் கம்பி வகை லைனை இன்றைக்கும் யாராவது கொடுக்க முன்வந்தால் எடுக்காதீர்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் விழும், மழை பெய்தால் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கும். பழைய லேண்ட்லைன் நம்பரை விட மனமில்லை என்றால் அதே நம்பரை ஃபைபருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

சரி, இன்றைக்கு வருவோம். வீட்டுக்குத் தனி லைன் எதற்கு, ஆளுக்கொரு போன் இருக்கிறதே, ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாமே என்பது பல வீடுகளில் வரும் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான், அதனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 ஜூலையில் மொபைல் கட்டணங்கள் ஏறியபோது, தினம் ஒன்றரை ஜிபி கிடைக்கிற ஜியோவின் 28 நாள் ரீசார்ஜ் 239லிருந்து 299 ஆனது. நான்கு பேர் இருக்கிற வீட்டில் எல்லோரும் அதைப் போட்டால் 28 நாளைக்கு 1,196 ரூபாய். 28 நாள் என்பதால் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை போதாது, பதின்மூன்று முறை போட வேண்டும், அந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜ்தான் இங்கே ஒளிந்திருக்கிற இரண்டாவது பில். வீட்டுக்கு ஒரு சின்ன ஃபைபர் லைன் எடுத்து, வெளியே அதிகம் போகாதவர்களின் போனைப் பேசுவதற்கு மட்டுமான குறைந்த ரீசார்ஜில் வைத்தால் நான்கு பேர் வீட்டில் செலவு அதிகமாகாது, பல வீடுகளில் குறையும். ஆனால் பெரியவர்கள் இரண்டே பேர் இருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார்கள், கொஞ்சம் யூடியூப் பார்ப்பார்கள் என்றால் தனி லைன் வேண்டாம், மொபைல் டேட்டாவே போதும். மாமனார் வீட்டில் டிவியும் நெட்டில் ஓட வேண்டும் என்று ஆன பிறகுதான் தனி லைன் பற்றிப் பேசினோம்.

அடுத்தது வேகம். விளம்பரம் எல்லாம் 100, 200, 300 என்று பேசுகிறது. நான்கு பேர் வீட்டுக்கு 30 எம்பிபிஎஸ் போதும் என்று தயங்காமல் சொல்வேன். ஒரு எச்டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் இருந்தால் நிற்காமல் ஓடும். ஒருவர் டிவி பார்க்க, ஒருவர் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்க, ஒருவர் போனில் ரீல்ஸ் தள்ள, பிள்ளை ஆன்லைன் வகுப்பில் இருக்க, எல்லாம் சேர்த்தாலும் 20ஐத் தாண்டுவது சிரமம். 4கே டிவி இருந்து அதில் உண்மையிலேயே 4கே படம் பார்க்கிறீர்கள், அல்லது வீட்டிலிருந்து பெரிய ஃபைல்களை ஏற்றி இறக்கும் வேலை என்றால் 100க்குப் போங்கள். இன்னொன்று, 40 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, டவுன்லோடு ஆகும்போது காட்டுவது பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால் நொடிக்கு 5 எம்பி வரும். அதைப் பார்த்துவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று லைன்மேனிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

டேட்டா அளவும் அப்படித்தான், பெயர் அன்லிமிடெட், உள்ளே ஒரு வரம்பு இருக்கும். 3,300 ஜிபி என்று போட்டிருந்தால் கவலையே வேண்டாம். எச்டி வீடியோ மணிக்குச் சுமார் இரண்டேகால் ஜிபி எடுக்கும், 3,300 ஜிபியை முடிக்க 1,400 மணி நேரத்துக்கு மேல் பார்க்க வேண்டும், மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம்தான். 1,000 ஜிபி வரம்பு என்றால் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் எச்டி ஓடலாம், அதுவும் ஒரு டிவி வீட்டுக்குத் தாராளம். பழைய காலம் மாதிரி தாண்டினால் காசு பிடிப்பதில்லை, வேகம்தான் குறையும். எவ்வளவாகக் குறையும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை ஒரு ஒழுங்குக்கு வந்தது 2020 செப்டம்பர் வாக்கில். ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் என்று இறக்கியது, ஏர்டெல் 499க்கு 40 எம்பிபிஎஸ் கொண்டுவந்தது. பிஎஸ்என்எல் ஃபைபரிலும் 449 ரூபாய் பிளான் அந்த வரிசையில் வந்து சேர்ந்தது. அதிலிருந்து குறைந்த பட்ஜெட் என்றால் 400 முதல் 500 வரை என்று ஆகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, இந்த விலைகளுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 399 என்பது கையை விட்டுப் போகும்போது 471 ரூபாய். 449 என்றால் 530. 499 என்றால் 589. மொபைல் ரீசார்ஜில் வரி உள்ளேயே அடங்கியிருக்கும், வீட்டு லைனில் வெளியே நிற்கும், அதனால்தான் இரண்டையும் ஒப்பிடும்போது கணக்கு தப்பிப்போகிறது.

வரி பரவாயில்லை, எல்லோருக்கும் ஒன்றுதான். மற்றவைதான் மோசம். இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள், கூர்ந்து கேட்டால் ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாகக் கட்டினால்தான் இலவசம். ரூட்டர் இலவசம் என்பார்கள், அது கம்பெனியின் சொத்து, லைனை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அடாப்டர் காணாமல் போயிருந்தால் அதற்கொரு பிடித்தம். சில இடங்களில் கம்பத்திலிருந்து வீடு தள்ளி இருந்தால் கேபிளுக்கு மீட்டர் கணக்கில் தனியாகக் கேட்பார்கள். ஓடிடி சேர்ந்த பிளான்கள் வேறு. அந்தச் சேனல்களை எல்லாம் தனியே காசு கொடுத்துப் பார்க்கிற வீடு என்றால் லாபம்தான், இல்லையென்றால் மாதம் இருநூறு முந்நூறு சும்மா போகிறது.

அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். ஆறு மாதம் முன்பணம் வாங்கிக்கொண்டு லைன் போட்டார்கள், லைனும் நன்றாகத்தான் ஓடியது. நடுவில் வீடு மாற வேண்டி வந்தது. புதுத் தெருவில் எங்களுக்கு ஃபைபர் இல்லை, லைனை மாற்றித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்ச மாதங்களுக்குக் கட்டிய பணம் திரும்பி வர எவ்வளவு அலைச்சல்! கஸ்டமர் கேரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள், எவ்வளவு சலுகை கொடுத்தாலும் மாதாமாதம் கட்டும் பிளானாக எடுங்கள். இதை எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது ஆள் விஷயம். ஃபைபர் கண்ணாடி இழை, அது கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு வருகிறது. அதை வைக்கோல் லாரி இழுத்துக்கொண்டு போகும், மழைக்கு முன்னால் கிளை கழிக்கிறவர்களின் அரிவாள் படும், அணில் கடிக்கும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இது நடக்கும். நடந்தால் ரூட்டரில் லாஸ் (LOS, சிக்னல் வரவில்லை என்று அர்த்தம்) என்ற விளக்கு சிவப்பாக எரியும். அப்போது யார் ஏணியோடும், அறுந்த இழையை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷினோடும் வருகிறார், அன்றைக்கே வருகிறாரா நாலு நாள் கழித்தா என்பதில்தான் நீங்கள் கொடுத்த காசுக்கு மதிப்பு இருக்கிறது. 300 எம்பிபிஎஸ் லைன் மாதத்தில் ஒரு வாரம் படுத்துக் கிடந்தால் அதை எடுத்து என்ன பயன்?

அதனால் புதிதாக வாங்கும்போது நான் செய்வது இதுதான். தெருவில் நாலு வீட்டில் கேட்பேன். உங்கள் நெட் எவ்வளவு வேகம் என்று கேட்பதில்லை. கடைசியாக எப்போது போனது, எத்தனை நாளில் வந்தது, யாரைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்பேன். நாலில் மூன்று பேர் ஒரே ஆளின் பெயரைச் சொன்னால் அந்த ஆள் எந்தக் கம்பெனியின் லைனைப் பார்க்கிறாரோ அதுதான் எங்கள் லைன். எங்கள் வீட்டில் பிஎஸ்என்எல் ஃபைபர் வந்தது அப்படித்தான். பல ஊர்களில் பிஎஸ்என்எல்லின் ஃபைபரை வீட்டுக்கு இழுத்துக் கொடுப்பது உள்ளூர்க் கேபிள் டிவி ஆபரேட்டர்தான், வருமானத்தில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் பல வருடமாக அதே தெருவில் கேபிள் காசு வாங்குகிறவர், டீக்கடையில் தினமும் நம்மைப் பார்க்கிறவர். போன் செய்தால், “அண்ணே, இங்கே இன்னொரு வீட்டில் ஜாயின்ட் போட்டுக்கிட்டு இருக்கேன், முடிச்சிட்டு நேரா அங்கதான் வர்றேன்” என்பார், வந்தும் விடுவார். கையில் இருக்கும் பவர் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, “மைனஸ் இருபத்தொண்ணு காட்டுது, நல்லா இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்.

அந்த மைனஸ் எண்ணை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது, டிபிஎம் கணக்கு. மைனஸ் 15க்கும் 25க்கும் இடையில் இருந்தால் ஆரோக்கியம். மைனஸ் 27ஐத் தாண்டினால் லைன் விட்டுவிட்டு வரும், அந்த நிலையில் ரூட்டரை மாற்றியோ பிளானை உயர்த்தியோ பிரயோஜனம் இல்லை, எங்கோ ஜாயின்ட் கெட்டிருக்கிறது அல்லது கேபிள் மடங்கியிருக்கிறது. பல ரூட்டர்களில் லாகின் செய்தால் நாமே பார்க்கலாம். சுவரோரம் ஆணியில் இறுக்கிக் கட்டுவது, ஜன்னல் இடுக்கில் நசுக்கி மூடுவது இரண்டும் ஃபைபருக்கு ஆகாது. கழன்ற நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவும் கூடாது, அதில் வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடியது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் சொல்லி வையுங்கள்.

பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் உள்ளூர் ஆபரேட்டர்களே நடத்துகிற நெட்டும் நிறைய ஊர்களில் உண்டு. விலை மலிவாக இருக்கும், முன்னூறு ரூபாய்க்குக்கூட சில இடங்களில் கிடைக்கிறது. ஆள் பக்கத்தில் இருப்பார் என்பதால் எனக்கு இவர்கள்மேல் ஒரு மரியாதை உண்டு. ஆனால் மாலை ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை எப்படி ஓடுகிறது என்று பார்த்த பிறகு எடுங்கள். மொத்தமாக வாங்கிய அளவை நிறைய வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் அந்த நேரத்தில் திணறும். ஸ்பீட் டெஸ்ட் மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதாது, அது பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும் சர்வரோடு அளந்து நல்ல எண்ணைக் காட்டிவிடும். யூடியூபும் பக்கத்தில் சேமித்து வைத்த வீடியோவைக் கொடுப்பதால் வேகமாகத்தான் ஓடும். ஆபீஸ் விபிஎன், வெளிநாட்டுத் தளத்திலிருந்து ஒரு பெரிய ஃபைல், இரண்டையும் ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு லைனில் முயற்சி செய்து பாருங்கள். வெளியூரிலிருந்து வீட்டுச் சிசிடிவி கேமராவைப் பார்க்க நினைப்பவர்கள், எனக்கென்று தனியாக பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நம் லைனை நேராக அடைய உதவும் முகவரி) கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். சில கேமராக்கள் அது இல்லாமலே கம்பெனி ஆப் வழியாக வேலை செய்யும், கேமராப் பதிவைச் சேமிக்கும் பழைய டிவிஆர் பெட்டிகளில் சிக்கல் வரும்.

கிராமத்தில் மாமனார் வீட்டுக்கு ஃபைபர் வரவில்லை. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்தைத் தமிழக அரசின் டான்ஃபினெட் நிறுவனம் செய்து வருகிறது. ஊராட்சிக் கட்டடம் வரை கேபிள் வந்திருந்தால் அங்கிருந்து வீடுகளுக்கு யாராவது கொடுக்கிறார்களா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது. அது இல்லாத இடத்துக்கு 2023ல் வந்த ஏர்ஃபைபர் ஒரு வழி. ஏர்டெல் ஆகஸ்டிலும் ஜியோ செப்டம்பரிலும் கொண்டுவந்தன. மொட்டைமாடியில் ஒரு பெட்டியை மாட்டுவார்கள், அது 5ஜி டவரிலிருந்து வாங்கிக் கீழே ரூட்டருக்கு அனுப்பும். பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு வருவது ரேடியோ அலைதான். ஜியோவில் 599க்கு 30 எம்பிபிஎஸ், 1,000 ஜிபி வரம்பு என்று தொடங்கியது, ஜிஎஸ்டி சேர்த்து 707 ரூபாய். ஃபைபரை விட விலை அதிகம், டவரை மறைத்து மரமோ மாடியோ இருந்தால் வேகம் ஏறி இறங்கும். ஃபைபர் வந்துவிட்ட தெருவில் இதை எடுக்கக் காரணமே இல்லை. ஃபைபர் வராத ஊரில் தாராளமாக எடுக்கலாம். அறுந்துபோகக் கேபிள் இல்லை என்பது ஒரு நல்ல அம்சம். மாட்டுவதற்கு முன் அதே கம்பெனியின் 5ஜி சிம் உள்ள போனோடு மொட்டைமாடியில் நின்று காலையிலும் ராத்திரியிலும் வேகம் பார்த்துவிடுங்கள்.

புகார் கொடுக்கும் வழியையும் தெரிந்து வைத்திருங்கள். கஸ்டமர் கேரில் பேசினால் புகார் எண் ஒன்று தருவார்கள், தராமல் போனை வைக்க விடாதீர்கள். தீராவிட்டால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார், அந்த எண்ணை வைத்து அவரிடம் போகலாம், அதற்குக் காசு கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனி நபர் புகார்களை அது தீர்ப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதலாம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசலாம். அக்காவின் பணம் திரும்பி வந்தது இப்படி எழுத்தில் போன பிறகுதான்.

லைன் நன்றாக இருந்தும் உள்ளே வைஃபை சரியில்லை என்ற புகார் பாதி வீடுகளில் இருக்கிறது. வாசல் பக்கம் கேபிள் நுழைகிற இடத்திலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், கடைசி அறைக்கு இரண்டு சுவர் தாண்டி எப்படி வரும்? லைன் போடுகிற அன்றைக்கே நடுக்கூடம் வரை கேபிளை இழுத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் தனிக் காசு. 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள இரட்டை அலை ரூட்டரா என்று கேளுங்கள், அப்பார்ட்மென்ட்டில் 2.4 மட்டும் இருந்தால் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு மோதிக்கொண்டே இருக்கும். டிவி அசையாமல் ஓரிடத்தில் இருக்கிறது, அதற்கு லேன் கேபிள் போட்டுவிட்டால் மீதிப் பேருக்கு வைஃபை தாராளமாகும்.

கடைசியாகக் கரண்ட். கரண்ட் போனால் ரூட்டரும் போகும், ஃபைபரில் வரும் லேண்ட்லைனும் சேர்ந்து போகும். பழைய செம்பு லைனில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் பேசும், பெரியவர்கள் அந்த நினைப்பிலேயே இருப்பார்கள், அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரூட்டர் பிளக்கை அந்த லைனில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் ரூட்டர் அடாப்டரைத் திருப்பி அதில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதையே கடையில் சொல்லி வாங்குங்கள்.